சிறிய கப்பல், பெரிய சமாதானம்

மூவாயிரம் பேரைச் சுமந்துகொண்டு துறைமுகம் துறைமுகமாக நகரும் உல்லாசக் கப்பலைத் திட்டுவது இன்று சுலபம். வெனிஸிலும் பார்சிலோனாவிலும் ஊர்மக்களே அதற்கு எதிராகத் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். அந்த வசவில் பங்கு வாங்காமல் பாராட்டை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பது அதன் தம்பியான சிறிய எக்ஸ்பெடிஷன் கப்பல். நூறு முதல் இருநூறு பயணிகள், விரிவுரை நிகழ்த்த உயிரியலாளர்கள், பனிக்கட்டியைத் தாங்கும் அடிக்கட்டு, கரைக்குக் கொண்டுபோக ஸோடியாக் ரப்பர் படகுகள், ஆள் குடியிருக்காத தீவின் கரடுமுரடான கரையை ஒட்டி இரண்டு மூன்று வாரப் பயணம். இதுவே பொறுப்பான சுற்றுலா என்று பயண இதழ்கள் சொல்கின்றன, கப்பல் நிறுவனங்கள் சொல்கின்றன, இயற்கை ஆர்வலர்களிலும் பலர் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட இந்தக் கருத்து தவறானது.

மறுப்பதற்கு முன் அதை அதன் முழு வலுவோடு எடுத்துச் சொல்லிவிடுவது நியாயம். ஆள் குறைவு, ஆகவே பாதிப்பும் குறைவு. சிறிய கப்பலை ஓட்டுபவர்கள் அந்தக் கடலில் பழுத்தவர்கள், ஆகவே ஆபத்தும் குறைவு. போகிற இடம் மனிதக் கை படாத இயற்கை. பார்த்துவிட்டு இருந்தபடியே விட்டுவிட்டு வருகிறார்கள். பார்த்தவர்கள் ஊர் திரும்பி அந்த இடத்துக்காகப் பேசுகிறார்கள். அவர்கள் செலுத்தும் கட்டணம் அந்த இடத்தைக் காக்கவே செலவாகிறது. கடைசியாக, இந்தத் தொழில் யாரும் சொல்லாமலே தனக்குத்தானே விதி வகுத்துக்கொண்டு நடக்கிறது. ஆக, ஆறு வாதங்கள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை கலந்திருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் இத்தனை காலம் நின்றிருக்காது.

இந்த ஆறையும் உரசிப் பார்க்க, எதிர்த்தரப்புக்கு மிகவும் சாதகமான களத்தையே எடுத்துக்கொள்கிறேன்: தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா. ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தூரம். தீவின் முதுகெலும்பாக ஓடும் மலைத்தொடரில் பேஜெட் சிகரம் 2,900 மீட்டரைத் தாண்டுகிறது. நிலத்தில் பாதிக்கு மேல் பனியாறுகள். விமானத் தளம் இல்லை, நிரந்தரக் குடிகள் இல்லை. போனால் கப்பலில்தான் போக வேண்டும். ஆட்சி பிரிட்டனுடையது, அர்ஜென்டினாவும் உரிமை கோருகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் வளைகுடா என்ற ஒரே கரையில் லட்சத்துக்கு மேற்பட்ட இணை அரச பெங்குவின்கள் கூடுகின்றன. உலகத்து அண்டார்டிக் ஃபர் சீல்களில் மிகப் பெரும்பகுதி இங்கேதான் குட்டி போடுகிறது. இங்கே ஆட்களை இறக்கும் கப்பல்கள் சிறியவை, விதிகள் கடுமையானவை, நிர்வாகம் விழிப்பானது. சிறிய கப்பலின் புகழ் எங்கேயாவது செல்லும் என்றால் இங்கே செல்ல வேண்டும். இங்கேயே செல்லவில்லை என்றால் மற்ற கரைகளைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

1. ஆள் குறைவு என்கிறார்கள். எந்தக் கணக்கில் குறைவு? கப்பல் ஒன்றுக்கு எத்தனை பேர் என்று எண்ணினால் குறைவுதான். கரை ஒன்றுக்கு, ஒரு பருவத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணினால் விடை மாறுகிறது. அண்டார்டிக் பயண நிறுவனங்களின் சங்கமான ஐஏஏடிஓ வகுத்த விதிப்படி, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. தெற்கு ஜார்ஜியாவின் பெரும்பாலான கரைகளிலும் இந்த நூறுதான் உச்சவரம்பு. நல்ல விதிதான், ஆனால் அதில் 'ஒரே நேரத்தில்' என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். இருநூறு பேர் வந்த கப்பலில் முதல் நூறு பேர் படகேறித் திரும்பியதும் அடுத்த நூறு பேர் இறங்குகிறார்கள். பயணிக்கு அது இரண்டு மணி நேர அனுபவம், கரையில் கிடக்கும் சீலுக்கு அரை நாள் மனித நடமாட்டம். மறுநாள் இன்னொரு சிறிய கப்பல் வருகிறது. அதுவும் விதியை மீறவில்லை. எந்தக் கப்பலும் எந்த விதியையும் மீறாமலே மொத்த எண்ணிக்கை எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம், ஏறியும் இருக்கிறது. 1992-93 பருவத்தில் அண்டார்டிகாவுக்குச் சென்ற பயணிகள் ஏழாயிரத்துக்கும் குறைவு. 2023-24 பருவத்தில், கரையிறங்காமல் பார்த்துத் திரும்பியவர்களையும் சேர்த்து, 1,22,000க்கும் மேல். அந்தக் கப்பல்களில் பலவற்றின் வழியில் தெற்கு ஜார்ஜியாவும் இருக்கிறது. முப்பதாண்டில் பதினெட்டு மடங்கு பெருகிய ஒரு தொழிலை 'சிறியது' என்று தொடர்ந்து அழைக்க முடிகிறதென்றால், அளவுகோலை நாம் தவறான இடத்தில் வைத்திருக்கிறோம்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. பெரிய கப்பல் நுழைய முடியாத குடாக்களுக்குள் சிறிய கப்பல் நுழைகிறது. அதைத்தான் அதன் விளம்பரமும் முதலில் சொல்கிறது. மூவாயிரம் பேர் கொண்ட கப்பல் தொலைவில் நின்று மலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். கூட்டுக்கும் குட்டிக்கும் சில மீட்டர் அருகே ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவது சிறிய கப்பல். 2007-08 பருவத்தில் அண்டார்டிகாவுக்குச் சென்றவர்களின் உடைகளையும் காலணிகளையும் பைகளையும் ஆய்ந்தவர்கள், சராசரியாக ஆளுக்கு 9.5 விதைகள் ஒட்டிவந்ததைக் கண்டார்கள். அந்த ஒரே பருவத்தில் ஏறக்குறைய 70,000 விதைகள் சென்றிருக்கும் என்று கணித்தார்கள். சுற்றுலாப் பயணிகளைவிட விஞ்ஞானிகளும் வழிகாட்டிகளும் தலைக்கு அதிக விதை சுமந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் விதைக்கு யார் சுமந்தார்கள் என்பது பொருட்டல்ல, எத்தனை காலணிகள் கரையை மிதித்தன என்பதே பொருட்டு. காலணிகளின் எண்ணிக்கையைக் கப்பலின் நீளம் தீர்மானிப்பதில்லை.

2. சிறிய கப்பல் பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் எங்கே? இந்த வகைப் பயணத்துக்கென்றே 1969இல் கட்டப்பட்ட முதல் கப்பல், பயண ஏற்பாட்டாளர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாடின் 'எக்ஸ்புளோரர்'. சிறிய கப்பல் என்ற கருத்தே அதிலிருந்துதான் கிளைத்தது. 2007 நவம்பர் 23 அன்று அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவருகே பனிக்கட்டியில் மோதி அது கடலடிக்குப் போனது. கப்பலில் இருந்த 154 பேரும் மணிக்கணக்கில் திறந்த படகுகளில் காத்திருந்து உயிர் தப்பினார்கள். அன்று கடல் அமைதியாக இருந்தது, இன்னொரு பயணக் கப்பல் வந்து சேரும் தூரத்தில் இருந்தது. இந்த இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் கதை வேறு. 2017 மார்ச்சில் 'கலிடோனியன் ஸ்கை', 102 பயணிகளோடு, இந்தோனேசியாவின் ராஜா அம்பத்தில் பறவை பார்க்கும் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு திரும்பும்போது, உலகின் மிக வளமான பவளத் திட்டுகளில் ஒன்றின் மேல் ஏறி நின்றது. இழுவைக் கப்பல் கொண்டு அதை இழுத்தபோது சேதம் கூடியது. ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பவளம் நொறுங்கியது. 2023 செப்டம்பரில் கிரீன்லாந்தின் வடகிழக்குத் தேசியப் பூங்காவில், ஆல்பஃபியோர்டு என்ற ஒதுங்கிய நீரிடுக்கில், 206 பேரோடு 'ஓஷன் எக்ஸ்புளோரர்' தரைதட்டியது. மூன்று நாள் கழித்து ஒரு மீன்வள ஆய்வுக் கப்பல் வந்து இழுத்துவிட்டது.

இவையெல்லாம் தற்செயல் விபத்துகள், எந்தத் தொழிலில்தான் விபத்து இல்லை என்று கேட்கலாம். விபத்து எங்கே நடந்தது என்று பாருங்கள். மூன்றும் நடந்த இடங்களுக்கு அந்தக் கப்பல்கள் போனதே, அவை சிறியவை என்பதால்தான். கடல்வரைபடம் முழுமையில்லாத நீரிடுக்கு, பனிக்கட்டி மிதக்கும் நீரிணை, ஆழம் குறைந்த பவளத் திட்டு ஆகியவைதான் இந்தப் பயணத்தின் சரக்கு. ஆபத்து சரக்கோடு சேர்ந்தே வருகிறது, பிரித்தெடுக்க முடியாது. தெற்கு ஜார்ஜியாவில் மீட்பு ஹெலிகாப்டர் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கவில்லை. எண்ணெய்க் கசிவை அடக்கும் படை இல்லை. உதவி வர நாட்கள் ஆகும். குட்டி போடும் பருவத்தில் ஒரு கரையில் எண்ணெய் ஒதுங்கினால், கொட்டியது சிறிய கப்பலின் தொட்டியிலிருந்து என்பது அங்குள்ள பறவைகளுக்கு எந்த வகையில் ஆறுதல்?

3. மனிதக் கை படாத இயற்கையா? தெற்கு ஜார்ஜியாவைப் போல் மனிதக் கை பட்டுச் சீரழிந்த தீவுகள் உலகில் அதிகமில்லை. 1800-01 பருவத்தில் 'அஸ்பேசியா' என்ற ஒரே கப்பல் 57,000 ஃபர் சீல் தோல்களை எடுத்துக்கொண்டு போனது. தன் காலம்வரை அங்கே கொல்லப்பட்ட சீல்கள் பன்னிரண்டு லட்சத்துக்குக் குறையாது என்று 1820களில் சீல் வேட்டைக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் வெட்டல் மதிப்பிட்டார். சீல் தீர்ந்தபின் திமிங்கிலம். 1904இல் நார்வேக்காரரான கார்ல் அன்டன் லார்சன் கிரிட்விகெனில் தொழிற்சாலை தொடங்கினார். 1960களின் நடுவில் கடைசி நிலையம் மூடப்படும்வரை அந்தத் தீவில் அறுக்கப்பட்ட திமிங்கிலங்கள் ஏறத்தாழ 1,75,000. மூடியதும் கருணையால் அல்ல, பிடிக்கத் திமிங்கிலம் இல்லாமல் போனதால். லீத், ஸ்ட்ரோம்னஸ், ஹூஸ்விக் நிலையங்கள் இன்றும் துருப்பிடித்து நிற்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்தால் அவற்றின் அருகே போகவே தடை. நார்வேக்காரர்கள் 1911இல் இறைச்சிக்காகக் கொண்டுவிட்ட கலைமான்கள் ஆயிரக்கணக்கில் பெருகிப் புல்வெளிகளை மேய்ந்து அழித்தன. அந்த மந்தை முழுவதையும் 2010களில் கொன்று அகற்ற வேண்டியிருந்தது. சீல் வேட்டைக் கப்பல்களிலும் திமிங்கிலக் கப்பல்களிலும் தொற்றிவந்த எலிகள் கடற்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று, அண்டார்டிக் வட்டாரத்தின் ஒரே பாடும் பறவையான தெற்கு ஜார்ஜியா பிபிட்டைத் தீவின் பெரும்பகுதியிலிருந்து துரத்தின.

ஆகவே பயணி அங்கே பார்ப்பது ஆதி இயற்கையை அல்ல, நோயிலிருந்து எழுந்துகொண்டிருக்கும் ஒரு நிலத்தை. ஆதி இயற்கை என்று நினைப்பவர் அதைத் தாங்கும் வலு உள்ளதாக நினைக்கிறார். எழுந்துகொண்டிருப்பது என்று அறிந்தவர் மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் ஏன் வைக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். எலிகளின் கதையிலேயே இது தெளிவாகத் தெரியும். தெற்கு ஜார்ஜியா பாரம்பரிய அறக்கட்டளை 2011, 2013, 2015 என மூன்று கட்டங்களாக ஹெலிகாப்டரிலிருந்து விஷ உணவு தூவி எலிகளை ஒழித்தது. 2018இல் தீவு எலியற்றது என்று அறிவிக்கப்பட்டது. கட்டம் கட்டமாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம் பனியாறுகள். கடல்வரை இறங்கிவரும் பனியாறுகளைத் தாண்ட எலியால் முடியாது. அவை தீவைத் தனித்தனிப் பாத்திகளாகப் பிரித்து வைத்திருந்தன. ஒரு பாத்தியில் ஒழித்தால் பக்கத்துப் பாத்தியிலிருந்து திரும்ப வராது. அந்தப் பனியாறுகள் வேகமாகப் பின்வாங்கிக்கொண்டிருந்ததால்தான் வேலையை அவசர அவசரமாக முடித்தார்கள். இன்று அந்த வரப்புகள் தேய்ந்துகொண்டே வருகின்றன. நாளை ஒரு சினை எலி ஏதோ ஒரு கப்பலிலிருந்து நீந்திக் கரையேறினால், அதைத் தடுக்க நின்ற சுவர்கள் ஒவ்வொன்றாக மறைந்திருக்கும். இதை அறிந்துதான் தீவின் நிர்வாகம், புறப்படும் கப்பல்களை ஃபாக்லாந்திலேயே மோப்ப நாய்களைக் கொண்டு சோதிக்கிறது. சோதனை எத்தனை கறாராக இருந்தாலும் ஒவ்வொரு வருகையும் ஒரு வாய்ப்பு. வருகைகள் கூடக் கூட வாய்ப்புகளும் கூடும். இருநூறு பேர் இரண்டு கப்பலில் வந்தால் எலி ஏறிவர இரண்டு கப்பல் என்பதை, சிறியதே நல்லது என்று சொல்பவர்கள் கணக்கில் எடுப்பதேயில்லை.

4. கண்டவர் காப்பார் என்பது எந்த வரலாற்றில் எழுதியிருக்கிறது? தெற்கு ஜார்ஜியாவின் கரையில் 1775 ஜனவரியில் இறங்கி, கண்டதை எழுதிவைத்தவர் ஜேம்ஸ் குக். சீல்கள் நிறைய இருக்கின்றன என்ற செய்தி பரவியது. பதினோரு ஆண்டுக்குள் வேட்டைக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. அந்தத் தீவின் கரையில் இறங்கிக் கண்டெழுதிய அந்தச் சாட்சியத்தின் விளைவு அதுதான். பிறகு வந்த வேட்டைக்காரர்களும் அதே பெங்குவின்களை, அதே மலைகளைத் தினமும் பார்த்தவர்கள். பார்ப்பதற்கும் காப்பதற்கும் இடையே சட்டமும் பொருளாதாரமும் நிற்கின்றன. மறுதலையாகத் திமிங்கிலங்களைப் பாருங்கள். 2020இல் தெற்கு ஜார்ஜியாக் கடலில் நடந்த கணக்கெடுப்பில் 55 நீலத் திமிங்கிலங்கள் தென்பட்டன. அதற்கு முந்தைய இருபதாண்டுக் கணக்கெடுப்புகளில் அவை அங்கே அநேகமாகக் கண்ணிலேயே படவில்லை. அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது 1960களில் நீலத் திமிங்கிலத்துக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பும், 1986இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச வேட்டைத் தடையும். அந்தத் தடைக்காகப் போராடியவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு ஒரு நீலத் திமிங்கிலத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பார்க்காமலே ஒன்றைக் காக்க முடியும் என்பதற்கு நம் காலத்தின் பெரிய சான்று அது.

பயணிகளில் சிலர் மனம் மாறித் திரும்புகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. அந்த மாற்றத்துக்கு ஆகும் செலவைத்தான் கேட்கிறேன். பனிக்கடலில் ஓடும் கப்பலுக்கு வலுத்த அடிக்கட்டு வேண்டும், எஞ்சின் வேண்டும், சமையலறை முதல் மருத்துவர்வரை முழு ஊழியர் படை வேண்டும். இவற்றைச் சுமக்கும் எரிபொருள், பயணிகள் குறையக் குறையத் தலைக்கு அதிகமாகவே விழும். கப்பல் சிறுத்தால் தலைக்கணக்குப் பெருக்கும். அதற்கு முன்பே பயணி உலகத்தின் மறுகோடிக்கு விமானத்தில் வந்திருக்கிறார். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, அண்டார்டிகாவில் சுற்றுலா எழுப்பும் கரித்துகள் பனியின் மேல் படிந்து, பயணி ஒருவருக்குச் சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகக் காரணமாகிறது என்று மதிப்பிட்டது. எந்தப் பனியாறு எலிக்கு வேலியாக நின்றதோ அந்தப் பனியாறு பின்வாங்குவதைக் கண்டு வருந்தும் பயணி, அதைப் பின்வாங்கச் செய்யும் புகையில் தன் பங்கோடுதான் அங்கே வந்து நிற்கிறார். அவர் ஊர் திரும்பி எத்தனை பேரின் மனத்தை மாற்றினால் அந்தக் கணக்கு நேராகும் என்று யாரும் காட்டியதில்லை. அவரால் மனம் மாறியவர்கள் செய்யும் முதல் காரியம் தாங்களும் அதே பயணத்துக்கு இடம் பதிவது என்றால், கணக்கு இன்னும் பின்னால் போகிறது.

5. அவர்கள் பணம் இல்லாவிட்டால் தீவை யார் காப்பது? எதிர்த்தரப்பின் ஆகச் சிறந்த வாதம் இது. ஒவ்வொரு பயணியிடமும் தெற்கு ஜார்ஜியா நிர்வாகம் கட்டணம் வாங்குகிறது. எலி ஒழிப்புக்கான செலவு ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டு. அதற்கு நன்கொடை கொடுத்தவர்களில் கப்பல் பயணிகள் பலர் உண்டு. அந்தப் பணம் நல்ல காரியத்துக்கே போனது. ஆனால் இதிலிருந்து 'ஆகவே இந்தப் பயணங்கள் வளர வேண்டும்' என்ற முடிவு வராது. முதலாவதாக, அந்தத் தீவு நிர்வாகத்தின் வருமானத்தில் நெடுங்காலமாகப் பெரும் பங்கு வகித்திருப்பது மீன்பிடி உரிமக் கட்டணம்; சுற்றுலா அதற்கு அடுத்ததுதான். சுற்றுலா இல்லாவிட்டால் தீவு அநாதை என்ற சித்திரம் மிகை. இரண்டாவதாக, கப்பல்கள் கொண்டுவந்த எலியை ஒழிக்கக் கப்பல் பயணிகள் பணம் கொடுத்தது கடனைத் திருப்பிய செயல். கடனைத் திருப்பியதைக் காட்டி மேலும் உரிமை கேட்க முடியாது. மூன்றாவதாக, வருமானம் என்பது தலை எண்ணிக்கையையும் கட்டணத்தையும் பெருக்கி வருவது. பாதிப் பேரிடம் இரட்டைக் கட்டணம் வாங்கினாலும் அதே தொகை வரும், பாதிக் காலணிகளோடு. பல்லாயிரம் டாலர் கொடுத்து வருகிறவர்களுக்குக் கட்டண உயர்வு பெரிய தடையும் அல்ல. இதை விட்டுவிட்டு எண்ணிக்கையைக் கூட்டியே வருமானம் பார்க்கும் நிர்வாகம் காலப்போக்கில் தான் காவல் காப்பதற்கே அந்தக் கப்பல்களை நம்பியிருக்கத் தொடங்கும். காவலாளியின் சம்பளம் வருகிறவர்கள் கையில் இருந்தால், வரவேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாளில் அவர் குரல் எழும்பாது.

6. தொழில் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் என்றால், எங்கே அது 'போதும்' என்று சொன்னது? 1991இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஐஏஏடிஓவின் பணியைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. இரண்டு கப்பல்கள் ஒரே கரையில் மோதிக்கொள்ளாமல் நேரம் பங்கிடுவது, காலணி கழுவுவது, விலங்கிலிருந்து விலகி நிற்பது என்று நல்ல பழக்கங்களை அது நிலைநிறுத்தியிருக்கிறது. ஆனால் உறுப்பினர்களின் சந்தாவில் இயங்கும் ஒரு சங்கம் வருகைகளைப் பங்கிடலாம், மறுக்க முடியாது. எண்ணிக்கை ஏழாயிரத்திலிருந்து லட்சத்தைத் தாண்டிய காலம் முழுவதும் சங்கம் இருந்தது. ஒழுங்காகவும் வேலை செய்தது. அதாவது ஒழுங்கும் பெருக்கமும் ஒன்றுக்கொன்று தடையாக இல்லை.

தடை எங்கிருந்து வரும் என்பதை நார்வே காட்டியிருக்கிறது. அதன் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் 2018இல், ஒரு சிறிய கப்பலின் பயணிகள் இறங்குவதற்காகக் கரையை ஆராயச் சென்ற காவலர்களை ஒரு பனிக்கரடி தாக்கியது. அதைச் சுட்டுக் கொன்றார்கள். கரடி தன் கரையில்தான் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே புதிய சட்டம்: பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு இடமில்லை; அப்பகுதிகளில் 43 இடங்களில் மட்டுமே இறங்கலாம்; கரடியிலிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர் விலகி நிற்க வேண்டும். முதல் விதியைப் பார்த்து, அரசே சிறிய கப்பலுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டதே என்று சிலர் மகிழலாம். அரசு அந்த விதியோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதே முக்கியம். அளவு மட்டும் போதும் என்றால் 43 இடங்களின் பட்டியல் எதற்கு? அந்தப் பட்டியலைத்தான் தொழில்துறை கடுமையாக எதிர்த்தது. இடங்களைக் குறைத்தால் அந்த இடங்களில் தேய்மானம் கூடும், பரவலாக இறங்குவதே நல்லது என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 43 இடங்களில் ஏற்படும் தேய்மானத்தை அளக்கலாம், கண்காணிக்கலாம், மிஞ்சினால் மூடலாம். ஆயிரம் குடாக்களில் பரவிய தேய்மானத்தை யாரும் பார்ப்பதே இல்லை. பார்க்காததை இல்லை என்று எழுதிக்கொள்வது எளிது. கரையின் பெரும்பகுதியை முற்றாக விட்டுவைப்பதுதான் அந்தப் பட்டியலின் உண்மையான பயன்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். இத்தனையும் சொல்லிவிட்டு, தெற்கு ஜார்ஜியாவின் அண்மைக்காலப் பேரிழப்பு சுற்றுலாவால் வந்ததல்லவே? உண்மை. 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய பேர்ட் தீவில் ஸ்குவா பறவைகளில் தென்பட்ட எச்5என்1 பறவைக் காய்ச்சல், பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து பறவைகளோடே வந்தது. மூன்று பெரிய இனப்பெருக்கக் கரைகளில் 2022க்கும் 2024க்கும் இடையே ஈனும் பெண் யானை சீல்கள் சராசரியாக 47 சதவீதம் குறைந்தன. இதில் கப்பல்கள்மேல் பழி போடுவது அநியாயம். ஆனால் இந்த இழப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை, இறுக்குகிறது. நோய் வந்தபோது கரைகளை மூடியது தீவின் நிர்வாகம். கப்பல்களின் சிறுமை அதில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. மேலும், ஈன்றெடுக்கும் தாய்களில் ஏறத்தாழப் பாதியை இழந்த ஒரு கரை நேற்றுத் தாங்கிய நடமாட்டத்தை இன்று தாங்கும் என்று வைத்துக்கொள்ள முடியாது. தாங்கும் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது அனுமதியும் ஆண்டுக்கு ஆண்டு மாற வேண்டும், தேவைப்பட்டால் சுழியத்துக்கு இறங்க வேண்டும். இரண்டாண்டு முன்கூட்டியே அறை விற்றுவிடும் ஒரு தொழிலால் அப்படித் தானாக இறங்க முடியாது. இறக்க வேண்டியது அரசு.

அப்படியானால் தடையா? இல்லை. எக்ஸ்பெடிஷன் கப்பலே ஓடக் கூடாது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை, தேவையும் இல்லை. நான் மறுப்பது கப்பலின் அளவை ஒழுக்கச் சான்றாகக் காட்டுவதை. தெற்கு ஜார்ஜியா ஓரளவு நன்றாக இருக்கிறதென்றால், அதற்கான பாராட்டு வேட்டைத் தடைக்கும், எலி ஒழிப்புக்கும், மோப்ப நாய்களுக்கும், கரையை மூடும் அதிகாரிக்கும் சேர வேண்டியது. அந்தப் பாராட்டைக் கப்பலின் சிறுமை திருடிக்கொள்கிறது. இதன் விளைவு வெறும் புகழ்ச்சிக் கோளாறு அல்ல. சிறியதெல்லாம் நல்லது என்று நம்பும் நாடு, மொத்தத்துக்கு வரம்பு வைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கே வராது. நூறு பேர் கப்பல்கள் ஐம்பது வந்தாலும் அதன் கண்ணில் ஐம்பது நல்ல காரியங்கள் நடந்திருக்கும்.

அதனால் கேட்க வேண்டியவை நான்கு. ஒவ்வொரு கரைக்கும் ஒரு பருவத்தில் மொத்தம் எத்தனை பேர் என்ற வரம்பு. கப்பல் சிறிதோ பெரிதோ அது பொருட்டில்லை. கரையின் கணிசமான பகுதி யாருமே இறங்காததாகச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். வரம்பை ஆண்டுதோறும் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்துத் திருத்தும் அதிகாரம், கட்டணத்தை நம்பி வாழாத ஓர் அமைப்பின் கையில் இருக்க வேண்டும். கட்டணம், குறைந்த ஆட்களிடமிருந்து போதிய தொகை வரும்படி நிர்ணயிக்கப்பட வேண்டும். இந்த நான்கும் உள்ள கரைக்கு இருநூறு பேர் போவதை எதிர்க்க எனக்கு வாதமில்லை. இந்த நான்கும் இல்லாத கரைக்கு இருபது பேர் போவதை ஆதரிக்கவும் வாதமில்லை. பயணச்சீட்டு வாங்க நினைப்பவர் நிறுவனத்திடம் கப்பலில் எத்தனை பேர் என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்தக் கரைக்கு இந்தப் பருவத்தில் மொத்தம் எத்தனை பேர், அதற்கு மேல் வந்தால் திருப்பி அனுப்புவது யார் என்று கேட்கட்டும். பதில் சொல்ல முடியாத நிறுவனத்தின் கப்பல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அந்தச் சிறுமை ஒரு விளம்பரம் மட்டுமே.